மூன்றாவது பள்ளம்

அந்தப் பிரிவில் கேள்வி கேட்டால் டீ போட வேண்டும். யார் கேட்டாலும், எதைப் பற்றிக் கேட்டாலும், கேட்டவர் எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் ஊற்றி ஐந்து பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவர வேண்டும். "மணி என்ன" என்பதற்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பிரிவின் சூப்பர்வைசர். அவரை எல்லாரும் அண்ணி என்றே அழைத்தார்கள். அவர் உண்மையில் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி. ஒன்பது வருடங்களுக்கு முன்பு தன் கணவரின் தங்கையை அவரே அங்கு வேலைக்குச் சேர்த்தார். அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களும் அண்ணி என்றார்கள். மேல்மாடியிலிருந்து போன் செய்யும் அறுவை மருத்துவர்கள்கூட, "அண்ணி, தட்டு ரெடியா?" என்றார்கள்.

அந்தத் தங்கைக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது. கேள்வி. ஒன்பது வருடங்களில் அதிகமாக டீ போட்டவள் அவள்தான்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் இருந்தது அந்தப் பிரிவு. அறுவை சிகிச்சையில் பயன்பட்ட கத்தியும் கத்தரியும் இடுக்கியும் ரத்தம் காயாத நிலையில் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வரும். அவற்றைக் கழுவி, துடைத்து, எண்ணி, தட்டில் அடுக்கி, இரட்டைத் துணியில் கட்டி, கட்டின் மேல் ஒரு டேப்பை ஒட்டுவார்கள். பிறகு ஆளுயர இயந்திரத்துக்குள் ஏற்றிக் கதவை மூடினால் முக்கால் மணி நேரம் உள்ளே நீராவி. திறக்கும்போது டேப்பில் இருந்த வெளிர்க் கோடுகள் கறுத்திருக்கும். கறுத்திருந்தால் சுத்தம். கட்டுகள் இன்னொரு ஜன்னல் வழியாக மேலே போகும்.

ஒவ்வொரு லோடு முடியும்போதும் இயந்திரம் தன் வயிற்றிலிருந்து ஒரு காகிதப் பட்டையைத் துப்பும். கடைக்காரர் கொடுக்கும் ரசீது அகலம். அதில் ஒரு கோடு மேலும் கீழும் போய்வந்து முடியும். யார் லோடை ஏற்றினார்களோ அவர்கள் அந்தப் பட்டையைக் கிழித்து, ரெஜிஸ்டரில் ஸ்டேப்ளர் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பட்டையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் டீ.

அவள் பார்ப்பாள். படிக்கத் தெரிந்து பார்க்கவில்லை. துணியில் பூவேலை பார்ப்பது மாதிரிதான் முதலில் பார்த்தாள். தினமும் நான்கைந்து பட்டைகள், ஒன்பது வருடங்கள். கோடு முதலில் மூன்று முறை பள்ளத்தில் இறங்கி ஏறும், பிறகு உயர மேலே போய் மேசை மாதிரி சமமாகக் கொஞ்ச நேரம் நிற்கும், கடைசியில் கீழே விழும். எப்போதும் இதே வடிவம். அதனால்தான் ஒன்பதாம் தேதி காலை லோடில் அது மாறியிருந்தது உடனே கண்ணில் பட்டது. மூன்றாவது பள்ளம் பாதியிலேயே திரும்பியிருந்தது.

"அண்ணி, இந்தப் பள்ளம் ஏன் அடி வரைக்கும் போகல?"

கத்தரிகளை எண்ணிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை. "டேப் கறுத்துச்சா?"

"கறுத்துச்சு."

"அப்புறம் என்ன? பள்ளம் போகல, மேடு போகலன்னு. நீ என்ன ரோடு கான்ட்ராக்டரா? கையெழுத்தப் போட்டுட்டு டீயப் போடு."

பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த மீசை சிரித்தான். அந்த மீசைக்குப் பின்னால் இருந்த ஆள் அப்படியொன்றும் கெட்டவன் இல்லை. "எனக்குச் சர்க்கரை கம்மியா, கேள்வியக்கா" என்று மட்டும் சொன்னான். அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு டீ போட்டாள்.

இருபதாம் தேதி புதிய தர அதிகாரி கீழே வந்தார். கழுத்தில் டை கட்டிக்கொண்டு அந்தத் தளத்துக்கு வந்த முதல் ஆள் அவர்தான் என்பதால் படியிறங்கி முடிப்பதற்குள் டைக்காரர் ஆகிவிட்டார். நீராவிச் சூட்டில் அந்த டை பத்து நிமிடத்தில் நனைந்தது. ஆனால் அவர் அதைத் தளர்த்தவில்லை. ஐந்து பேரையும் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டு பேசினார்.

"ஒருத்தர் ஒரு விஷயத்தைக் கத்துக்கணும்னா முதல்ல என்ன வேணும்?"

"மூளை" என்றாள் ஒருத்தி.

"நேரம்" என்றாள் இன்னொருத்தி.

"டீ" என்றான் மீசை. எல்லாரும் சிரித்தார்கள். காரணம் புரியாமல் டைக்காரரும் சிரித்தார்.

"இல்ல. எனக்குத் தெரியாதுன்னு சொல்ற தைரியம். அது ஒண்ணு இருந்தாப் போதும். மத்ததையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அப்போது அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த மூன்று மருத்துவமனைகளிலும் அவர் இதையே சொல்லியிருந்தார், இதே படிவத்தையே கொடுத்திருந்தார். முப்பது வேலைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள். தெரியும், ஓரளவு தெரியும், தெரியாது. எதில் தெரியாது என்று வருகிறதோ அதில் பயிற்சி தரப்படும். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக யோசித்து நிரப்பி வரலாம்.

போகும்போது அவள் கேட்டாள். "சார், இதுல பதினேழாவது இருக்கே, பட்டையைப் படிக்கறது. அதையும் சொல்லித் தருவீங்களா?"

"அதுக்குத்தானேம்மா வந்திருக்கேன்" என்றார் டைக்காரர்.

அவர் படியேறிப் போனதும் அண்ணி கெட்டில் இருந்த பக்கம் விரலை நீட்டினார். அன்று அவளுக்கு டீ போடுவது பாரமாகத் தெரியவில்லை.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. குழந்தை இல்லை. கணவன் பிரிந்துபோய்ப் பல வருடங்கள் ஆயின. அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தாள். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் துணி துவைக்கும் இயந்திரத்தின் முதுகு தெரியும். இரவுச் சாப்பாட்டு மேசையில்தான் இரண்டு படிவங்களும் விரிந்தன.

அண்ணி பேனாவை எடுத்து, 'தெரியும்' என்ற கட்டங்களின் மேல் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்தார். முப்பதும் முடிந்தது. பேனாவை மூடிவிட்டுச் சாதத்தில் கை வைத்தார்.

"உனக்கு எல்லாமே தெரியுமா?" என்றார் அண்ணன்.

"பதினாறு வருஷமா சூப்பர்வைசர். தெரியாதுன்னு எழுதினா எனக்கு எதுக்குச் சம்பளம்னு கேப்பான்." பிறகு மேசையின் மறுபக்கம் திரும்பினார். "ஏய், நீ என்ன பரீட்சை எழுதற மாதிரி ஒவ்வொண்ணாப் படிச்சிட்டு இருக்க?"

"ஏழு தெரியல அண்ணி."

"தெரியும்னு போடு."

"பதினேழாவது பாருங்க. பட்டையைப் படித்து லோடை ஏற்பது அல்லது நிராகரிப்பது. நிராகரிக்கலாம்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

சாதம் பிசைந்த கை நின்றது. "நான் சொல்றதக் கவனமாக் கேளு. உனக்குச் சொல்லிக் குடுத்தவ நான். உனக்குத் தெரியலன்னு எழுதினா எனக்குத் தெரியலன்னு அர்த்தம். புரியுதா?"

"அவர்தான் அண்ணி சொன்னாரு, தைரியமா சொல்லுங்கன்னு."

"அவன் டை கட்டிட்டு வருவான், டை கட்டிட்டுப் போவான். நீ நாளைக்கும் இந்த வீட்டுலதான் சாப்பிடணும்."

அண்ணன் தண்ணீர் குடித்தார். வீட்டில் இப்படி ஏதாவது சொல்லப்படும்போதெல்லாம் அவருக்குத் தாகம் எடுக்கும்.

அவள் படிவத்தை மடித்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். இருபத்துமூன்று கட்டங்களில் தெரியும் என்று குறித்தாள். ஏழு கட்டங்களில் தெரியாது. இத்தனை வருடங்களில் அவளை யாரும் உனக்கு என்ன தெரியாது என்று கேட்டதில்லை. உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னவர்கள்தான் உண்டு. இரண்டும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தோன்றியது. படிவத்தின் அடியில் 'வேறு குறிப்புகள்' என்று இடம் விட்டிருந்தார்கள். அங்கே, "பட்டையில் உள்ள கோட்டைப் பற்றி முதலில் சொல்லித் தரவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பெயருக்குக் கீழே பணியாளர் எண்ணையும் எழுதினாள்.

ஐந்து படிவங்கள் மேலே போயின. அவற்றில் நான்கில் ஒரே கோடு.

இருபத்துமூன்றாம் தேதி மேலிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்தாம் தேதி மூட்டு அறுவை செய்யப்பட்ட மூன்று பேருக்கும் காயத்தில் சீழ். மூவரையும் திரும்ப அறுத்தாகிவிட்டது. ஒருவருக்குப் பொருத்திய மூட்டையே கழற்றி எடுத்தாகிவிட்டது, அடுத்துக் காலையே எடுக்க வேண்டியிருக்கலாம். மூவருக்கும் மருத்துவர் வேறு, அறை வேறு, செவிலியர் வேறு. பொதுவாக இருந்தது ஒன்றுதான். மூன்று தட்டுகளும் ஒன்பதாம் தேதி காலை ஒரே லோடில் உள்ளே போனவை.

கடிதத்தை அண்ணி உரக்கப் படித்தார். கால் என்ற இடத்தில் அவள் கையிலிருந்த இடுக்கி தொட்டிக்குள் விழுந்தது. ஒன்பதாம் தேதி என்ற இடத்தில் அண்ணி படிப்பதை நிறுத்தி ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். பக்கத்தைக் கண்டார். கையெழுத்து யாருடையது என்று பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு, முதல் மாடியில், நீள மேசை போட்ட குளிரூட்டிய அறையில். டைக்காரர், நிர்வாகத்திலிருந்து ஒரு பெண், இயந்திரத்தைப் பராமரிக்கும் கம்பெனியின் இன்ஜினியர், அண்ணி. மேசையில் ரெஜிஸ்டர் இருந்தது, பக்கத்தில் அவளுடைய படிவம்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் டைக்காரர், ரெஜிஸ்டரைக் காட்டி.

"ஆமா சார்."

"இதுவும்?" படிவம்.

"ஆமா."

"பதினேழாவது, தெரியாது. உங்க கையாலேயே எழுதியிருக்கீங்க. அப்ப, பட்டையைப் படிக்கத் தெரியாமலே பட்டை சரியா இருக்குன்னு ஒன்பது வருஷமா கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"யாருக்குமே தெரியாது சார்."

"மத்த நாலு பேரும் தெரியும்னு எழுதியிருக்காங்களே?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நிர்வாகப் பெண்ணைப் பார்த்துப் பேசினார். "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் மேடம் சொல்லிக் குடுத்தேன். சொந்தக்காரின்னு இவளுக்கு ரெண்டு தடவை கூடவே சொன்னேன். மண்டையில ஏறல. நான் என்ன பண்றது?"

"அன்னிக்கே கேட்டேனே அண்ணி. இந்தப் பள்ளம் ஏன் போகலன்னு."

"எங்கிட்ட எதுவும் கேக்கல மேடம்."

டைக்காரர் இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "பட்டையில என்ன தப்புன்னு கொஞ்சம் விளக்குங்க. ரெக்கார்டுக்கு வேணும்."

இன்ஜினியர் நல்ல விளக்கம் கொடுத்தார். இப்படி ஒரு விளக்கம் கீழ்த்தளத்தில் யாருக்கும் எந்த நாளும் கிடைத்ததில்லை. பேனா நுனியைக் கோட்டின் மேல் வைத்து நகர்த்தியபடியே சொன்னார்.

"ஆவி உள்ள போகணும்னா முதல்ல காத்து வெளிய போகணும். துணி மடிப்புல, இடுக்கி மூட்டுல, எல்லா இடத்துலயும் காத்து இருக்கும். அதை மெஷின் மூணு தடவை உறிஞ்சும். இந்த மூணு பள்ளமும் அதுதான். ஒவ்வொண்ணும் இந்தப் புள்ளிக் கோட்டைத் தொடணும். தொடலைன்னா காத்து உள்ளயே தங்கிடுச்சுன்னு அர்த்தம். காத்து இருக்கற இடத்துக்கு ஆவி போகாது. மேல சூடு இருக்கும், கட்டுக்குள்ள இருக்காது."

"அப்ப டேப் எப்படிக் கறுக்குது?" என்றாள் அவள்.

பழக்கத்தில் இன்ஜினியர் பதில் சொல்லிவிட்டார். "டேப் வெளியதானே இருக்கு. வெளிய சூடு பட்டாலே கறுத்துடும். டேப்பைப் பாத்து உள்ள சுத்தம்னு யாராவது நினைச்சா…" அங்கே நிறுத்தினார்.

அண்ணி தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பட்டையின் மேல் குனிந்தாள். ஒன்பது வருடங்கள் பூவேலையாகத் தெரிந்த கோடு, மூச்சு விடுவதாகத் தெரிந்தது. மூன்று முறை மூச்சை உள்ளிழுக்கிறது, மூன்றாம் முறை முடியாமல் பாதியில் விடுகிறது. இவ்வளவுதானா என்றிருந்தது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று, ஒரு டீ போடும் நேரம்கூட ஆகவில்லை. எதற்காகக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு நிமிடம் அவள் மறந்தே போனாள். ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துப் பக்கத்தைத் திருப்பினாள். பத்தாம் தேதி. மூன்றாவது பள்ளம் புள்ளிக் கோட்டைத் தொடவில்லை. மீசையின் கையெழுத்து. பன்னிரண்டு. தொடவில்லை. அண்ணியின் கையெழுத்து. பதினைந்து, பதினெட்டு. எட்டாம் தேதிக்குப் போனாள். மூன்றும் தொட்டிருந்தன.

"சார், ஒன்பதாம் தேதியிலேர்ந்து எல்லாமே இப்படித்தான் இருக்கு. இது ஆள் தப்பு இல்ல, மெஷின் சரியா உறிஞ்சல. நேத்து பாருங்க, ரெண்டாவதும் தொடல. இன்னிக்குக் காலைல ஒரு லோடு போயிருக்கும் சார், அதை நிறுத்தச் சொல்லுங்க."

நிர்வாகப் பெண் இன்ஜினியரைப் பார்த்தாள். எட்டாம் தேதி மாலை வந்து இயந்திரத்தைக் கழற்றி மாட்டி, எல்லாம் சரி என்று சான்றிதழில் கையெழுத்திட்டுப் போனவர் அவர். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "கொஞ்சம் ஏத்த இறக்கம் சகஜம் மேடம். அதையெல்லாம் பாத்து முடிவு பண்ண அனுபவம் வேணும்."

"நீங்கதானே சார் இப்பச் சொன்னீங்க, தொடலைன்னா காத்து…"

டைக்காரர் ரெஜிஸ்டரை மூடினார். அவள் விரல் உள்ளேயே இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நாலு நாள் முன்னாடி தெரியாதுன்னு எழுதிக் குடுத்தவங்க, பத்து நிமிஷத்துல இன்ஜினியர் ஆயிட்டீங்களா?"

குளிரூட்டி ஓடும் சத்தத்துக்கு நடுவே நிர்வாகப் பெண் லேசாகச் சிரித்தாள். அண்ணியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அறிக்கை அங்கேயே தயாரானது. தகுதிக் குறைபாடு உள்ள பணியாளர் ஒருவர், அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளார், இன்று முதல் நீக்கப்படுகிறார். மற்ற நால்வரும் முழுத் தகுதி உள்ளவர்கள் என்பதால் பயிற்சி தேவைப்படவில்லை. டைக்காரர் பேட்ஜுக்காகக் கை நீட்டினார். அவள் கழற்றிக் கொடுக்கும்போது, அவர் குரலைத் தாழ்த்தி, "உங்க நேர்மையை நான் மதிக்கறேன்" என்றார். அதையும் அவர் மனதாரத்தான் சொன்னார்.

பையை எடுக்கக் கீழே வந்தபோது பன்னிரண்டு மணி லோடு முடிந்திருந்தது. உள்ளே விட அனுமதி இல்லை. மீசை அவளுடைய பையை, செருப்பை, டீ கப்பைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனான். நடைபாதையில் கண்ணாடி ஜன்னல். அதையொட்டி அந்தப் பக்கம் ரெஜிஸ்டர் மேசை. அவளுக்கு முன்பே வந்துவிட்ட அண்ணி பட்டையைக் கிழித்து ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டிருந்தார்.

பட்டை கண்ணாடிக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. மூன்று பள்ளங்களில் ஒன்றுகூடத் தொடவில்லை.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். அண்ணி நிமிர்ந்தார். அவள் பட்டையைக் காட்டினாள். காற்றில் விரலால் மூன்று பள்ளம் வரைந்து, கீழே ஒரு கோடு இழுத்து, தொடவில்லை என்று கையை விரித்தாள். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினாள்.

அண்ணி பட்டையைப் பார்த்தார். பதினாறு வருடங்களில் முதல்முறையாகப் பார்த்தார் என்றுதான் தோன்றியது. கண் கோட்டோடு இறங்கியது, ஏறியது, திரும்ப இறங்கியது. மாடியில் இன்ஜினியர் சொன்னதை அவரும் உட்கார்ந்து கேட்டவர்தான். உதடு பிரிந்தது. ஏதோ கேட்கப்போனார்.

பின்னால் மூன்று பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேள்வியக்கா என்ன சொல்றாங்க அண்ணி?" என்றான் மீசை. கண்ணாடியின் கீழிடைவெளி வழியாக அது அவளுக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்ல. டேப்பைப் பாரு."

"கறுத்திருக்கு."

ஸ்டேப்ளர் இரண்டு முறை அடித்தது. அண்ணி கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். பிறகு திரும்பி, "நீ இப்பக் கேட்டேல்ல, போய் டீயப் போடு" என்றார். மீசை கெட்டிலை எடுத்துக்கொண்டு போனான். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த ஜன்னல் வழியாக ஆறு கட்டுகள் வண்டியில் ஏறின. தள்ளிக்கொண்டு வந்த வார்டு ஆளை அவள் நடைபாதையில் மறித்தாள். வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை மேல கொண்டு போகாதீங்க. உள்ள வேகல."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

அவர் நாலைந்து வருடங்களாக அவளைத் தினமும் பார்ப்பவர். இருந்தாலும் பார்வை முகத்தில் நிற்காமல், பேட்ஜ் இருக்க வேண்டிய இடத்துக்கு இறங்கியது. அங்கே ஊக்கு குத்திய இரண்டு துளைகள் இருந்தன.

"கைய எடுங்கம்மா. டாக்டர் வெயிட் பண்றாரு."

அவர் தள்ளினார். அவள் கையை எடுத்தாள். லிஃப்ட் கதவு மூடும்வரை கட்டுகள் தெரிந்தன. ஆறும் சூடாக, விறைப்பாக, ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தன. ஆறிலும் டேப் நன்றாகக் கறுத்திருந்தது.